செல்ஃப் எடுக்காத லாரி

உங்களில் எத்தனை பேர் வீட்டு வாசலில் லாரி நின்றதோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒன்று நின்றது. அதனாலேயே எங்கள் வீட்டுக் காலைகள் உங்கள் வீட்டுக் காலைகளைப் போல இருக்கவில்லை. நீங்கள் ரேடியோ சத்தத்துக்கு எழுந்திருப்பீர்கள், இல்லையென்றால் அம்மா திட்டுகிற சத்தத்துக்கு. நான் எழுந்தது ஒரே ஒரு சத்தத்துக்கு.

டக்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. அந்த ஒன்றும் வராத நேரத்தில் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுப்படியில் அம்மாவின் கை அப்படியே நிற்கும். நான் பாயில் கண்ணைத் திறக்காமல் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் டக். அப்புறம் வாசலிலிருந்து அப்பாவின் குரல் வரும். "ஏலே, வாங்கல! தள்ளுங்கல!"

முத்தையாபுரத்தில் எங்கள் தெரு ஆட்கள் பாதிப் பேர் உப்பளத்துக்கோ துறைமுகத்துக்கோ கிளம்பிக்கொண்டிருப்பார்கள். கையிலிருக்கிற தூக்குச்சட்டியை எங்கள் வாசலில் வரிசையாக வைத்துவிட்டு லாரியின் பின்னால் போய் நிற்பார்கள். முதல் வாரம் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். இரண்டாவது வாரம் பேசாமல் தள்ளினார்கள். மூன்றாவது வாரம் சிலர் அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் அளத்தில் உப்பு எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கோடையில் எடுத்துக் குவித்த உப்பு, பனையோலை போட்டு மூடின அம்பாரமாக அங்கேயேதான் கிடக்கும். அதை அள்ளித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் லாரியின் வேலை. பழைய வண்டி. அப்பா புரட்டாசியில்தான் வாங்கியிருந்தார். ஓட்ட ஒரு டிரைவரையும் வைத்திருந்தார், காலையில் கிளப்பிப் பார்ப்பது மட்டும் அப்பா. பச்சை மூக்கு, மரப் பாடி. எங்கே தொட்டாலும் கை உப்புக் கரிக்கும். வண்டி நின்ற இடத்தில் மண் வெளுத்துப் போயிருக்கும். இரும்பில் துரு பூக்காத இடமே இல்லை.

அப்பா ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் காப்பி குடிப்பார். வண்டி ஸ்டார்ட் ஆகாத காலைகளில் அது இன்னும் மோசமாகிவிடும். இடுப்புச் சாரத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். வாசலுக்கும் வண்டிக்கும் நடப்பார். தீக்குச்சியைக் கடித்துத் துப்புவார். துறைமுகத்தில் லாரிகள் வரிசை பிடிக்கிற நேரம் போய்க்கொண்டிருக்கும். பிந்திப் போனால் அன்றைக்கு ஒரு நடைதான். இதெல்லாம் எனக்கு அப்போது புரியாது. அப்பாவின் கால்கள் ஓயாமல் நடக்கிறதுதான் தெரியும். பார்க்கப் பார்க்க எனக்கும் எதையாவது பிய்க்கவேண்டும் போல இருக்கும். என் பாவாடை ஓரத்தைக் கடித்தே நூல்நூலாக ஆக்கியிருந்தேன்.

லாரி வருவதற்கு ஒரு மாதம் முன்னால் அத்தை வந்திருந்தாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மாமா மைக் செட் வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு என்று எங்கே விசேஷம் என்றாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் கட்டியிருக்கும். பிறகு அவருக்கு சவூதி ஆசை வந்துவிட்டது. போனார். முதலில் நீலக் காகிதத்தில் கடிதம் வந்தது. அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று வந்தது. அப்புறம் வரவில்லை. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு மாமியார் வீட்டில், "உன் ராசிதான் என் பிள்ளைய இழுத்துட்டுப் போயிட்டு" என்று சொல்லி, ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏற்றி விட்டார்கள்.

அத்தை பூ வைக்கலாமா கூடாதா என்று அம்மாவுக்கே தெரியவில்லை. சந்தையிலிருந்து பூ வாங்கி வந்தால் எனக்கும் தனக்கும் கிள்ளி வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அத்தை எடுக்க மாட்டாள். மறுநாள் அது அப்படியே வாடிக் கிடக்கும்.

அத்தையின் கைகளும் சும்மா இருக்காது. ஆனால் அப்பாவைப் போல இல்லை. வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டு டார்ச் லைட்டைப் பிரித்துப் போட்டு, உள்ளேயிருந்த தகட்டை உப்புத்தாளால் தேய்த்து எரிய வைத்தாள். கரகரவென்று இருந்த ரேடியோவைச் சரி பண்ணினாள். "இதெல்லாம் ஒனக்கு எப்படித்த தெரியும்?" என்று கேட்டேன். "ஒங்க மாமா குழாயக் கட்ட மரத்துல ஏறிருவாவ. கீழ பேட்டரிக்கும் வயருக்கும் யாரு நிப்பா? நாந்தான்" என்றாள்.

லாரிக்கு வருகிறேன். எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். துறைமுக ரோட்டில் கடை. ஸ்கூட்டரில் வருவார். அவர் பெட்டியைத் திறந்தால் நான் பள்ளிக்கூடம் போவதையே மறந்துவிடுவேன். ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார், மேலே ரப்பர் உருண்டையோடு. பேட்டரிக்குள் விட்டு அமுக்கினால் ஆசிட் ஏறும், அதற்குள் ஒரு மிதவை குதிக்கும். அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சார்ஜு நல்லாருக்கு அண்ணாச்சி" என்பார். அப்புறம் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றினார். கார்பன் தேய்ந்திருக்கிறது என்று புதிது போட்டார். வண்டி இரண்டு நாள் நன்றாகக் கிளம்பியது. மூன்றாம் நாள் டக். சுவிட்ச் போய்விட்டது என்றார். மாற்றினார். ஒரு நாள் கிளம்பியது. மறுபடியும் டக். கடைசியில் வேறு செல்ஃப் மோட்டாரையே மாட்டிப் பார்த்தார். அன்றைக்கு நல்ல மழை. டக்.

இதில் ஒரு வேடிக்கை, வெயில் ஏறிவிட்டால் வண்டி பெரும்பாலும் தானாகவே கிளம்பிவிடும். துறைமுகத்தில் மத்தியானம் அணைத்துப் போட்டால்கூட மறுபடி எடுக்கும். எங்கள் வீட்டு வாசலில், விடியற்காலையில்தான் அடம்.

அன்றைக்கு எலக்ட்ரீஷியன் கை கழுவ எங்கள் குழாயடிக்கு வந்தார். தண்ணீர் வரவில்லை. அத்தை உள்ளேயிருந்து ஒரு வாளி கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது. அவள் உள்ளே போனதும் அப்பாவிடம் குரலை இறக்கிக் கேட்டார்.

"இது யாரு அண்ணாச்சி?"

"தங்கச்சி."

"வந்து எவ்வளவு நாளாச்சி?"

அப்பா சொன்னார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுக்கு போனபிறகும் துடைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. வண்டில ஒண்ணுமே இல்ல. நான் எல்லாத்தையும் மாத்தியாச்சி. காலைல மொத முழி எதுலன்னு கொஞ்சம் பாத்துக்கிடுங்க. வண்டி வெளிய போனா எடுக்குதுல்லா. வீட்டு வாசல்லதான எடுக்க மாட்டேங்கி."

இவ்வளவுதான் அவர் சொன்னது. நன்றாகத் தொழில் தெரிந்த மனுஷன். பாவம், கை கழுவப் போன இடத்தில் தன் தொழிலையும் கழுவிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து, லாரி கிளம்பும்வரை அத்தை பின்கட்டு அறையை விட்டு வரக்கூடாது என்று ஆயிற்று. அப்பா நேராகச் சொல்லவில்லை. அம்மாவை விட்டுச் சொன்னார். அத்தை, "சரி மதினி" என்றாள். அன்றைக்கும் டக். அவள் உள்ளே இருமினது வெளியே கேட்டது என்றார்கள். அதற்கடுத்த நாள் அவள் இருமவும் இல்லை. டக். சன்னல் திறந்திருந்தது என்றார்கள். சன்னலைச் சாத்தினார்கள். டக்.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் பார்த்தோம் இல்லையா. பெரியவர்கள் செய்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கும் என்று நம்பினோம். ஒரு நாள் விடியும்போது அத்தையின் அறைக்குக் காப்பி கொண்டுபோனபோது, அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே டம்ளரை வைத்தேன். எனக்கே தெரியாமல் அப்படிச் செய்தேன். அத்தைக்குத் தெரிந்தது.

"ஏளா, இங்க பாரு" என்றாள். நிமிர்ந்தேன். கோபம் இல்லை. "ஒரு காரியம் பண்ணுவியா? நாளைக்கு ஒங்கப்பா செல்ஃப் போடும்போது வண்டிக்கு முன்னால நின்னு ஹெட்லைட்டப் பாரு. அந்த டக்கு கேக்குறப்போ லைட்டு மங்குதா, அணையுதா, அப்படியே எரியுதா? நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு."

பொழுது சரியாக விடியாத நேரம் என்பதால் அப்பா எப்படியும் லைட் போட்டுத்தான் வண்டியை எடுப்பார். மறுநாள் முன்னால் போய் நின்றேன். கண் கூசியது. டக். லைட் அசையவே இல்லை. மறுபடியும் டக். அப்படியேதான் எரிந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கொஞ்சங்கூட மங்கலியா?"

"இல்லத்த."

அவள் எழுந்து அந்தச் சின்ன அறைக்குள் நடந்தாள். நாலு எட்டில் சுவர் வந்துவிடும், திரும்புவாள். "அப்ப பேட்டரியில கோளாறு இல்ல. பேட்டரி செத்திருந்தா லைட்டு மங்கிரும். செல்ஃபும் புதுசு, சுவிட்சும் புதுசு. கரண்டு போற வழி எல்லாத்தையும் மாத்தியாச்சி. போனது திரும்பி வரணும்லா? வர்ற வழிய ஒருத்தனும் பாக்கல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் என் சடையைப் பிடித்துக் காட்டினாள். "எஞ்சினு ரப்பர் மேல உக்காந்திருக்கும். கரண்டு அதுலேர்ந்து வண்டிச் சட்டத்துக்கு இறங்கி வர ஒரு பட்டை போட்டிருப்பாங்க. எர்த்துப் பட்டை. செம்புக் கம்பிய இப்படித்தான் சடை மாதிரி பின்னியிருக்கும். எஞ்சினுக்குக் கீழ, பக்கவாட்டுல எங்கயாச்சும் இருக்கும். இந்த உப்புல அது அரிச்சிப் போயிருக்கும்னு நினைக்கேன். செல்ஃப் நாலஞ்சு தடவ போட்ட பெறவு அதோட முனைய லேசாத் தொட்டுப் பாக்கணும். சூடா இருந்துச்சின்னா அங்கதான் கோளாறு."

"அப்பாட்ட சொல்லட்டுமா?"

"நான் சொன்னேன்னு சொன்னா கேப்பாவளா?"

அது சரிதான். அதனால் நான் தொடுவது என்று முடிவு பண்ணினேன். அத்தை வேண்டாம் என்றுதான் சொன்னாள். டிரைவரிடம் கேள், அவர் பார்க்கட்டும் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் அப்பா ஏழெட்டுத் தடவை செல்ஃப் போட்டார். பிறகு தள்ள ஆள் கூப்பிடத் தெருமுனைக்குப் போனார். டிரைவர் டீக்கடையில் இருந்தார். நான் பள்ளிக்கூடச் சீருடையோடு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நுழைந்தேன். கிரீஸ் நாற்றமும், ஈர உப்பு நாற்றமும். சேறு அப்பிக் கிடந்தது. கையால் சுரண்டினேன். சடை தட்டுப்பட்டது. பச்சையாகக் களிம்பு பிடித்து, பாதிக்கு மேல் அறுந்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாகத் தொடு என்றுதான் சொன்னாள். நான் முழுக் கையாலும் பிடித்துவிட்டேன்.

கத்தின கத்தில் அம்மா ஓடிவந்தாள். மூன்று விரல்கள் வெந்திருந்தன. அப்போதெல்லாம் தீப்புண்ணுக்கு மை ஊற்றுவோமே, ஞாபகம் இருக்கிறதா? என் பள்ளிக்கூட மைப்புட்டியை அப்படியே கவிழ்த்தாள். நீல விரல்களோடு நான் அழுதுகொண்டிருக்கும்போது அப்பா வந்தார்.

"வண்டிக்கடியில ஒனக்கு என்ன வேல?"

நான் கையைப் பின்னால் மறைத்தேன்.

"யாருளா ஒன்ன அங்கன போகச் சொன்னது?"

"அத்ததான் தொட்டுப் பாக்கணும்னா."

நான் சொன்னது உண்மைதான். ஆனால் அத்தை தடுத்ததையும் டிரைவரிடம் கேட்கச் சொன்னதையும் சொல்லவில்லை. சூடு, பட்டை, திரும்பி வர்ற வழி எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அப்பா அதற்குள் உள்ளே போய்விட்டார். "பிள்ளைய விட்டு வண்டிக்கு என்னமும் செய்யப் பாக்குதியா?" என்று அவர் கேட்டதும், "அண்ணே, எர்த்து பாக்கத்தான்" என்று அத்தை தொடங்கினதும், "வாய மூடு" என்று அவர் சொன்னதும் எனக்கு வெளியே கேட்டன. அன்றைக்குச் சாயங்காலமே முடிவாகிவிட்டது. ஏரலில் பாத்திரக் கடை வைத்திருக்கிற தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள். அத்தை அங்கே போய் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை லாரியிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம்.

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் பொய். சாப்பிட்டேன். இடது கையால். ஆனால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே டிரைவரிடம் போனேன். லாரி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. அப்பா துறைமுகத்திலேயே ஏதோ வேலையாக நின்றுவிட்டார். டிரைவர் கடற்கரைக்காரர். அவருடைய அப்பா சங்கு குளித்தவர். இவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, வண்டிக்கு வந்துவிட்டார். நான் கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கீழே படுத்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் அவர் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"மாதாவே!" என்ற சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது கையில் அந்தப் பட்டை இருந்தது. உதறினார், இரண்டு துண்டாகி விழுந்தது. "இத்தன நாளா இது மேல மண்ணு மூடிக் கெடந்துருக்கு. எல்லாரும் மேலயே பாத்துட்டோம்ளா" என்றார். பழைய லாரிகளை உடைக்கிற இரும்புக் கடைக்குச் சைக்கிளில் போய் வேறொரு பட்டை வாங்கிவந்தார். நான் சன்னலுக்கு ஓடி அத்தையிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "மாட்டுற எடத்துல பெயிண்டையும் துருவையும் நல்லாச் சுரண்டச் சொன்னியா?" மறுபடி ஓடினேன். அவர் சுரண்டிக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். வண்டி ஒரே உலுக்கில் எழுந்தது.

"அப்பாட்ட சொல்லுவோம்" என்றேன்.

"நீ சொன்னா அடிதான் விழும். நாளைக்குக் காலைல நானே சொல்லுதேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. தள்ளுவதற்கு ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். தகரப் பெட்டியைப் பின்னால் ஏற்றியாயிற்று. அத்தை கேபினில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். டிரைவர் அமுக்கினார். வண்டி கிளம்பியது. இவ்வளவு நாளும் டக் கேட்டே பழகின காதுக்கு அந்தச் சத்தம் பயமாகக்கூட இருந்தது. தள்ள வந்தவர்கள் கையை எடுத்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

அப்பா எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களாவே. இவ பெட்டிய ஏத்தவும் எடுத்துட்டு."

ஒருவர், "ஆமா அண்ணாச்சி" என்றார்.

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவர் வாய் திறக்கவில்லை. அவருக்கும் வீட்டில் நாலு பிள்ளைகள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"பொய்! அத்ததான் கண்டுபிடிச்சா! எர்த்துப் பட்டை அந்து போயிருந்துச்சி! நேத்தே மாத்தியாச்சி! டிரைவர் அண்ணாச்சியக் கேளுங்க!"

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. ஒரு பக்கக் காது கொய்யென்று ஆகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, என்ஜின் நின்றது எனக்கு உடனே தெரியவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். கையில் ஸ்பேனர். "பிள்ளைய அடிக்காதீங்க அண்ணாச்சி. அது சொல்றது நெசம்" என்றார். யாரும் பேசுவதற்கு முன்னால் கீழே படுத்து அந்தப் பட்டையின் ஒரு முனையைக் கழற்றினார். ஏறி உட்கார்ந்து அமுக்கினார். டக். தெருவே கேட்டது. இறங்கினார், படுத்தார், முறுக்கினார், ஏறினார். வண்டி கிளம்பியது. அணைத்தார். மறுபடியும் கழற்றினார். டக். மறுபடியும் மாட்டினார். கிளம்பியது. முதுகெல்லாம் சேறு. "தங்கச்சி எறங்கவே இல்ல அண்ணாச்சி. உள்ளதான் இருக்கா. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார்.

எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. கோளாறு எங்கே என்று காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் முழுசாக நம்பினேன். அத்தையைப் பின்கட்டில் வைத்ததற்கு லாரி ஒரு சாக்கு, லாரி இல்லையென்றால் இன்னொன்று வந்திருக்கும் என்பதெல்லாம் பதினோரு வயதில் தெரியுமா?

அப்பா சாரத்தை அவிழ்த்துக் கட்டினார். தெருவைப் பார்க்கவில்லை, டிரைவரைப் பார்க்கவில்லை. கேபினைப் பார்த்து, "சரி. மழை வருது. எறங்கி உள்ள போ" என்றார்.

அத்தை இறங்கவில்லை.

"இல்லண்ணே. வண்டிதான் ஓடுதே. கொண்டு விட்ரு."

"அதான் உள்ள போன்னு சொல்லுதேம்லா."

"நான் ஏரலுக்கே போறேன். போற வழியில ஸ்ரீவைகுண்டத்துல கொஞ்சம் நிறுத்து. என் மைக் செட்டு அந்த வீட்ல கெடக்கு. என் வளையல வித்து வாங்குனது. அத எடுக்கணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "இவளும் வரட்டும்."

யாரும் எதிர்பாராத ஒன்றை அம்மா செய்தாள். ஈரத் துண்டால் என் முகத்தைத் துடைத்து, தூக்கிக் கேபினில் ஏற்றிவிட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போகிற வழியெல்லாம் வைப்பர் ஒன்றுதான் ஓடியது, அதுவும் டிரைவர் பக்கம். எனக்கு முன்னால் கண்ணாடி முழுக்க மழை. அத்தையின் முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. மடியில் முந்தானையை முறுக்கி முறுக்கி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கதவோரத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்ரீவைகுண்டத்தில் அந்த வீட்டு முன்னால் லாரி நின்றதும் அத்தையின் மாமியார் வெளியே வந்தாள். அத்தை அவளைக் கடந்து நேரே மாட்டுத் தொழுவத்துக்குப் போனாள். ஆம்ப்ளிபயர் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. வயர்க் கட்டை எலி கடித்திருந்தது. இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஒன்றின் வாய்க்குள் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காலம் முழுக்க அவள் கண் கலங்கி நான் பார்த்தது அங்கேதான். ஒரு நிமிஷம்தான். பிறகு கோழியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு கூடையில் வைத்தாள். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் அடியில் வைத்தாள்.

"எம் மகன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" என்றாள் மாமியார்.

"வந்து கேக்கச் சொல்லுங்க அத்த. ஏரல்லதான் இருப்பேன்."

ஸ்பீக்கர் இரண்டையும் அப்பாதான் தோளில் தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்தார். சாரமெல்லாம் கோழி எச்சம்.

அத்தை ஏரலில் இரண்டு வருஷம் சமைத்தாள். சமையல் முடிந்த நேரத்தில் மைக் செட்டைத் துடைத்தாள், வயர் மாற்றினாள். அந்த வீட்டுப் பெண்ணின் சடங்குக்கு அவளுடைய செட்தான் ஓடியது. பொம்பளை மைக் டெஸ்ட் பண்ணுகிறாள் என்று சந்தையில் சிரித்தார்களாம். அவள் நிறுத்தவில்லை. பிறகு பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் பிடித்தாள், மைக் செட்டோடு பேட்டரி சார்ஜும் போட்டாள். டிரைவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிறுத்தி, "தங்கச்சி" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் போவார். மாமா வரவே இல்லை. அங்கேயே வேறு குடும்பம் என்று ஒருத்தர் சொன்னார், செத்துவிட்டார் என்று இன்னொருத்தர் சொன்னார். அத்தை இரண்டையும் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டாள்.

எனக்குக் கல்யாணம் ஆனபிறகு ஒரு தடவை அவள் கடையில் உட்கார்ந்து கேட்டேன். "அன்னைக்கு அப்பா உள்ள போன்னு சொன்னாவல்லா. நீ ஏன்த்த எறங்கல?"

வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "உள்ள போன்னுதான சொன்னான். தான் நினைச்சது தப்புன்னு சொல்லலியே."

"சொல்லியிருந்தா இருந்துருப்பியா?"

"தெரியலளா" என்றாள். "அத நெனச்சி எத்தனையோ நாள் தூங்கல."

அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏரலுக்குப் போவார். தங்கைக்குப் பொங்கப்படி கொடுக்க வேண்டுமே. அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை. கடை வாசலில் இறக்கி வைப்பார். "நல்லாருக்கியா?" "இருக்கேன்." அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். அவள் உட்காரச் சொன்னதில்லை, அவர் உட்கார்ந்ததுமில்லை. லாரியை விற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு வருஷம் அவருக்குத் தனியாகப் போக முடியவில்லை. நான் கூட்டிக்கொண்டு போனேன். கரும்பை நான் பிடித்துக்கொண்டேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடை வாசலில் வழக்கம்போல நின்றார். கால் ஆடியது. அத்தை பார்த்தாள், உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அப்பா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார்.

"அந்த எலக்ட்ரீஷியன் பயதான் அப்படிச் சொன்னான்" என்றார் திடீரென்று.

"அவன் சொன்னான். நீ ஏண்ணே கேட்ட?"

ஒருவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தை அவரை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். கண்ணை அப்பாவிடமிருந்து எடுக்கவில்லை. அப்பாவின் விரல்கள் வேஷ்டியின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தன.

"கேட்டிருக்கக் கூடாது" என்றார். "நாந்தான் தப்பு பண்ணிட்டேன்."

அத்தை பேட்டரிக்காரரிடம் திரும்பி, "சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுங்க" என்றாள். பேட்டரியை வாங்கி உள்ளே வைத்தாள். கையைக் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே.

"பஸ்ஸு..." என்று இழுத்தார் அப்பா. எழுந்திருக்கப் பார்த்தார்.

"அடுத்த பஸ்ஸு இருக்கு. உக்காரு" என்று சொல்லிவிட்டு, அத்தை உள்ளே போய் மூன்று இலை நறுக்கினாள்.